விளையாட்டாகச் சொன்னார்களாம்!

'விளையாட்டாகச் சொன்னேன்' என்பது தமிழில் பழகிப்போன ஒரு தொடர். ஏசியவன், ஏச்சுப்பட்டவனின் முகம் கறுத்தது கண்டதும் ஓடி ஒளியும் பொந்து அது. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் கேட்கும் இத் தொடரை, விளையாட்டையே தொழிலாகவும் பெருஞ்செல்வமாகவும் கொண்ட மட்டைப்பந்து வீரர்களும் இப்பொழுது எடுத்தாளத் தொடங்கிவிட்டனர். அவர்கள் வாயினின்று ஓர் இழிசொல் படவரியிலோ கீச்சகத்திலோ வெளிப்பட்டுவிட்டால், 'அவன் பந்தடிப்பதைப் பார், பேச்சைப் பாராதே' என்று காப்புக் கட்டிக்கொண்டு வருவோர் ஒருபுறம். 'வாய் திறந்தாலே ஆட்டத்தினின்று விலக்கு' என்று வாளைத் தூக்குவோர் மறுபுறம். முன்னவர்க்கு மானம் தெரியவில்லை. பின்னவர்க்குத் தம் கை வாள் நாளை எவர் கழுத்தில் விழும் என்பது தெரியவில்லை.

2020-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள். கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. ஓய்வுபெற்ற வீரர் யுவராசு சிங், உரோகித் சர்மாவோடு படவரி நேரலையில் உரையாடினார். பேச்சு, மற்றொரு வீரரான யுசுவேந்திர சாகல் இணையத்தில் வெளியிட்டுவந்த வேடிக்கைக் காட்சிகளைப் பற்றித் திரும்பியது. அவரைக் கேலி செய்ய யுவராசு எடுத்த சொல், வடநாட்டில் துப்புரவுத் தொழிலிலேயே தலைமுறை தலைமுறையாக அழுத்தி வைக்கப்பட்ட ஒரு குலத்தின் பெயர். அப் பெயரை இங்கு அச்சிடுதல் வேண்டா. அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லும் நெறியைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இலக்கணம் பயின்றார் அதனை இடக்கரடக்கல் என்பர். மலசல உறுப்புகட்கும் செயல்கட்கும் இட்ட அம் மறைப்பு, மாந்தன் மாந்தனுக்கு இட்ட இழிபெயர்க்கு இடப்படாமற் போனதுதான் இந் நாட்டின் கேடு.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வைதவர் அக் குலத்தார் அல்லர். வையப்பட்ட சாகலும் அக் குலத்தார் அல்லர். இருவரும் நண்பர், சிரித்துக் கலைந்தனர். ஆயின் அச் சொல் போய் விழுந்த இடம் எது? விடியுமுன் எழுந்து தெருக்கூட்டப் போகும் ஒரு தாயின் தலைமேல் விழுந்தது. அவள் பெயரே ஓர் ஏச்சு. அவள் செய்த குற்றம் யாது? பிறந்தாள், அவ்வளவே. 'வையப்பட்டவனே வருந்தவில்லை, உனக்கென்ன?' என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தவரல்லர்.

அவ் வாண்டு சூன் திங்களில் எதிர்ப்பு வலுத்தது. யுவராசு சிங் ஓர் அறிக்கை விட்டார். பிறப்பு, நிறம், சமயம், பால் என்னும் வேறுபாடுகளில் தமக்கு என்றும் நம்பிக்கை இருந்ததில்லை என்றும், தாம் பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டதாகவும், அறியாமல் எவர் மனத்தையேனும் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகவும் அதிற் கண்டிருந்தார். 'புண்படுத்தியிருந்தால்' என்னும் சொல்லின் இலக்கணத்தைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அது நிகழ்ந்ததைக் கூறும் முற்றன்று. நிகழ்ந்ததோ இல்லையோ என்று ஐயத்தில் தொங்கவிடும் எச்சம். புண்பட்டவர் இன்னார் என்பதும் அவ் வறிக்கையில் இல்லை; எச் சொல் புண்படுத்திற்று என்பதும் இல்லை. செயப்படுபொருளும் இன்றி, முற்றும் இன்றி நிற்கும் ஒரு தொடரை மன்னிப்பு என்று கொள்ள எந்த இலக்கணமும் இடந்தராது. 2021 பிப்பிரவரியில்தான் அரியானாவின் ஆன்சி நகரக் காவல்நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. அக்தோபரில் அவர் தளைசெய்யப்பட்டு, முன்னரே பெற்ற இடைக்காலப் பிணையால் அப்பொழுதே விடுவிக்கப்பட்டார்.

வடக்கே எங்கோ நடந்த இதனைக் கள்ளக்குறிச்சியில் இருப்போர் ஏன் நெஞ்சிற் கொள்ள வேண்டும்? கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி மேலேறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலையும் கரியாலூரும் அம் மலைமேல் உள்ளன. அங்கு வாழும் பழங்குடியினர்க்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரோடு தொடர்பில்லாத, தமிழே பேசும் மக்கள். மலையை ஆள்பவர் எனப் பெருமிதமாய் நின்ற பெயர் அது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்த பின்னரும், 1976 வரை, மூன்று சாகீர்களின் பிடியிற் கிடந்தது அம் மலை. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது, மலையின் பெயரையே சாராயத்தின் மறுபெயராக்கிப் பேசியவர் பலர். சாலை கிடையாத, மருத்துவம் கிடையாத சிற்றூர்கள் அம் மலையில் உள்ளன என்னும் செய்தி, அடுத்த திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்த பிறகுதான் பலர் காதில் ஏறிற்று.

அம் மலையினின்று சமவெளிப் பள்ளிக்கு வரும் சிறுவன் வகுப்பில் முதலிற் கேட்கும் பட்டப்பெயர் 'காட்டான்'. விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். அவன் கையிலும் இன்று கைப்பேசி உண்டு. அதில் மட்டைப்பந்தும் உண்டு. தான் தெய்வம்போற் போற்றும் வீரனே ஒரு குலப்பெயரை ஏச்சாக வீசிவிட்டு, ஒன்றும் நேராதது போல் மறுநாள் விளம்பரத்தில் சிரிப்பதைக் கண்டால், அச் சிறுவனும் அவனை ஏசும் சிறுவனும் கற்பது ஒரே பாடம். ஏசுதல் குற்றமன்று என்று ஒருவன் கற்பான். ஏச்சைப் பொறுத்தலே தன் ஊழ் என்று மற்றவன் கற்பான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபொழுது, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் பட்டியல் குலத்தாரையும் பழங்குடியினரையும் சாதிப்பெயர் கூறி வைதல் தெளிவாகவே குற்றமென எழுதப்பட்டது. சொல்லாலோ எழுத்தாலோ அம் மக்கள்மீது வெறுப்பை வளர்த்தலும் குற்றம். இணையம் பொதுப்பார்வைக்குட்பட்ட இடமா என்னும் வினா எழுந்தபொழுது, ஆம் என்று 2022-இல் கேரள உயர்நீதிமன்றம் விடை கூறிற்று. பழந்தமிழர் கண்ட அவை இன்று கைப்பேசிக்குள் கூடுகிறது. ஆகவே சட்டத்திற் குறையில்லை. அதனை நீட்டும் கையில்தான் குறை. யுவராசு பிணையிற் சென்ற அதே 2021-இல், அதே சட்டத்தின்கீழ், அதே வகைக் குற்றத்திற்காகத் தமிழ்த் திரைநடிகை ஒருவரைச் சென்னைக் காவல்துறை கேரளம் வரை துரத்திச் சென்று தளைசெய்து சிறையில் அடைத்தது. அதில் பிழையில்லை, மற்றதில்தான் பிழை. 2022 சூலையில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் கலவரம் மூண்டதே, அதன்பின் நூற்றுக்கணக்கான இளைஞர் தளைசெய்யப்பட்டனர். புலனக் குழுக்களை நடத்தியோரும் அவருள் அடங்குவர். ஒரு செய்தியைத் தட்டிவிட்டால் என்ன நேரும் என்பதைக் கள்ளக்குறிச்சி இளைஞனுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்பெற்ற ஆட்டக்காரனுக்கு மட்டும் அது தெரியாதாம்!

'அப்படியானால் வாரியங்களே ஒறுக்கட்டுமே' என்பர் சிலர். வெளிநாடுகளில் ஒறுத்திருக்கிறார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கு விளையாட்டுக்குமுன், ஆப்பிரிக்கரைப் பழித்துக் கீச்சகத்தில் எழுதிய மும்முறைத் தாண்டல் வீரர் வூலா பாப்பக்கிரித்துவைக் கிரேக்க நாடு தன் அணியினின்று நீக்கியது. 2021 சூனில் இலார்ட்சு திடலில் முதல் ஆட்டம் ஆடிய இங்கிலாந்து வீரர் ஆலி இராபின்சன், பதின்பருவ இறுதியில் எழுதிய இனவெறிப் பழிப்புரைகளும் பெண்பழிப்புகளும் அன்றே தோண்டியெடுக்கப்பட்டன. எட்டு ஆட்டங்கட்கு விலக்கு, அதில் ஐந்து நிறுத்திவைப்பு, 3,200 பவுன் தண்டம். அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்; ஒறுப்பை ஏற்றார்; அவ் வாண்டு ஆகத்திலேயே இந்தியாவுக்கு எதிராக மீண்டும் ஆடினார். குற்றத்துக்கு அளவாய் ஓர் ஒறுப்பு, அதற்கு ஒரு முடிவு. இது முறைதான். ஒரு நாட்டின் பெயரை மார்பில் தாங்கி ஆடுவோன், அந் நாட்டு மக்களுள் ஒரு பகுதியை இழித்துரைத்தால், அப் பெயரைக் கழற்றி வைக்கச் சொல்லும் உரிமை அணிக்கு உண்டு.

ஆனால் 'புண்படுத்தும் பேச்சு' என்று மட்டும் விதி எழுதி, எது புண் என்று முடிவு செய்யும் உரிமையை வாரியத்தாரிடம் விட்டுவிடுவது வேறு செய்தி. அத்தகைய சட்டத்தின் சுவையை இந்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, இணையத்தில் பிறர்க்கு வெறுப்பூட்டும் எதனையும் குற்றமாக்கிற்று. 2012-இல் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர், அப்போதைய நடுவண் நிதியமைச்சரின் மகனைப் பற்றிக் கீச்சகத்தில் எழுதியதற்காக விடியற்காலையில் தளைசெய்யப்பட்டார். அப் பிரிவு செல்லாதென்று உச்சநீதிமன்றம் 2015 மார்ச்சில் தள்ளியது. அரசுக்கு இல்லையென்று பறிக்கப்பட்ட அவ் வாளைத்தான், 'ஆட்டத்துக்கு இழுக்கு' என்று பெயர் மாற்றி விளையாட்டு வாரியங்கள் உறையில் வைத்திருக்கின்றன.

அவ் வகை வாள் யார்மேல் வீசப்பட்டது? 2023 திசம்பரில் ஆத்திரேலிய வீரர் உசுமான் கவாசா, எல்லா உயிரும் சமம் என்று தம் காலணியில் எழுதிக்கொண்டு பெர்த்து நகரில் ஆட வந்தார். உலக மட்டைப்பந்துக் கழகம் அதனை மறைக்கச் செய்தது. கையிற் கறுப்புப் பட்டி கட்டியதற்காகக் கண்டித்தது. வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகட்குமுன் பிறப்பைப் பற்றிக் கூறிய கருத்துக்கு ஒரு காலணியில்கூட இடமில்லை!

இன்னும் அண்மையில் வருக. 2025 சனவரியில் தனியார் பொறியியற் கல்லூரி விழாவொன்றில், தமிழ்நாட்டு வீரர் இரவிச்சந்திரன் அசுவின், இந்தி தேசிய மொழியன்று, அலுவல்மொழியே என்று கூறினார். அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவில் உள்ளதற்குமேல் அவர் ஓரெழுத்தும் கூட்டவில்லை. உடனே வடபுலத்தார் சிலர்க்கு நெஞ்சு புண்ணாயிற்று. பிரிவினை என்றும் அரசியல் என்றும் கூக்குரலிட்டனர். பன்னாட்டு ஆட்டங்களினின்று அவர் ஓய்வு பெற்று ஒரு திங்கள்கூட ஆகாத நேரம் அது. ஓய்வுக்குமுன் இதனைச் சொல்லியிருந்தால், 'புண்படுத்தும் பேச்சு' விதி அவர்மேல் பாய்ந்திராது என்று யார் உறுதி கூறுவர்? சாதி இழிசொல்லும் மொழியுரிமைச் சொல்லும் ஒரே விதியில் அடைபட்டால், முதலில் நெரிபடுவது இரண்டாவதே.

பிறப்பால் ஒருவர்மேல் ஏற்றப்பட்ட இழிவை மீண்டும் எடுத்து எறிவது ஏச்சு. ஆள்வோர்க்கும் பெரும்பான்மையோர்க்கும் கேட்கக் கசப்பது கருத்து. முன்னது கீழே இருப்பவன்மேல் விழுகிறது. பின்னது மேலே இருப்பவனைத் தொடுகிறது. இவ் வேறுபாட்டைக் காண நூலறிவு வேண்டா. அடிபட்ட உடம்பு போதும்.

வடவர் வாய் இழிந்தது என்று மகிழ்ந்து இருந்துவிடுதலும் தமிழர்க்குத் தகாது. 'சண்டாளன்' என்பது வடசொல். அதனைத் தூக்கியெறிவது எளிது. ஆனால் தூய தமிழிலேயே குலப்பெயர்களை வசையாக்கிய வாய்களும் இங்குண்டு. மஞ்சுவிரட்டுக் காளைக்கும் கபடி அணிக்கும் சாதிப்பெயர் சூட்டி, வெற்றிக் காட்சிக்குக் கீழே மற்றச் சாதியாரை இழித்தெழுதி வெளியிடும் இளைஞர், யுவராசின் உடன்பிறப்புகளே. வடசொல்லைக் களைந்த நாவில் சாதிச் சொல் தங்குமாயின், அந் நா தூய்மை பெற்றதாகாது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநில விளையாட்டுக் கழகங்களும் செய்யக்கூடியது சிறிதே: பிறப்பை இழிக்கும் சொல் குற்றமென்றும், கருத்துரைத்தல் குற்றமன்றென்றும் எழுத்தில் வைத்தல், முறையீட்டை வெளிப்படையாக உசாவுதல், மன்னிப்பு, புண்பட்ட மக்களைப் பெயர் சுட்டி, அவர்கள் முன்னிலையில், 'இருந்தால்' இன்றிக் கேட்கப்படவேண்டும் என்றல். எஞ்சியது காவல்நிலையத்தின் வேலை. பெரும்பெயர் கொண்ட ஒருவர்மீது வழக்கெழுத ஆன்சியில் எட்டுத் திங்கள் ஆயின. நாளை கல்வராயன் மலைச்சிறுவன் ஒருவன், தன்னைக் 'காட்டான்' என்று ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரன் படவரியில் ஏசியதைக் கைப்பேசியிற் காட்டி முறையிட்டால், கரியாலூர்க் காவல்நிலையத்தில் அதனை எத்தனை நாளில் எழுதிக்கொள்வார்கள்?