முதலில் லோடு, பிறகு வண்டி!



ஆன்லைன் கம்பெனிகள் வீட்டு வாசலில் சாமானை இறக்குகின்றன. நாமும் பங்கு போட்டு இரண்டு வேன் வாங்குவோம் என்று சங்கக் கூட்டத்தில் நம் இளைஞர்கள் யோசனை வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு விமானக் கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

'சூரரைப் போற்று' படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். கேப்டன் கோபிநாத் 2003இல் 'ஏர் டெக்கான்' தொடங்கியதைத் தழுவிய கதை. பயணிகள் விமானத்தைக் கைமாற்றிய பின், 2009இல் 'டெக்கான் 360' என்ற சரக்கு விமான சேவையை அவர் ஆரம்பித்தது பலருக்குத் தெரியாது. பல ஊர்ச் சரக்கும் நாகபுரியில் கூடி, ஊர்வாரியாகப் பிரிந்து போகும் ஏற்பாடு. ரிலையன்ஸ் நிறுவனமும் பணம் போட்டது. அப்படியும் 2011இல் பறப்பு நின்றது.

திட்டம் தவறா? இல்லை. 1949இலேயே நம் தபால் இலாகா சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி விமானங்களை நள்ளிரவில் இதே நாகபுரியில் சந்திக்க வைத்துத் தபால் பைகளை மாற்றியது. தபாலுக்குப் பைகள் முன்பே கையில் இருந்தன. டெக்கானுக்கு விமானம் வந்த வேகத்தில் சரக்கு வரவில்லை என்பதே என் கணிப்பு. காலியாகப் பறந்தாலும் எரிபொருள், வாடகை, சம்பளம் குறையுமா?

மறுபக்கம் 'புளூ டார்ட்' கம்பெனியைப் பாருங்கள். 1983இல் பம்பாயில் கூரியராகத் தொடங்கியது. வாடிக்கையும் பார்சலும் சேர்ந்த பிறகுதான், 1996இல் சொந்தச் சரக்கு விமானம் பறக்கவிட்டது. இன்றும் பறக்கிறது.

இந்தப் பாடம் எனக்குச் சொந்தக் காசில் கிடைத்தது. 1986இல் கடன் வாங்கி லாரி எடுத்தேன். மல்லாட்டை சீசனில் சென்னைக்கு லோடு போனது. திரும்பும்போது பாதி நாள் காலி வண்டி. சீசன் முடிந்ததும் போகவும் லோடு இல்லை. தவணை மட்டும் மாதம் தவறவில்லை. இரண்டே வருடத்தில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன்.

"வண்டி இருந்தால்தானே ஆர்டர் வரும்?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பெடெக்ஸ் 1973இல் 14 விமானங்களோடு இறங்கியபோது, முதல் இரவு கிடைத்தது 186 பார்சல்தான். அது பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆரம்ப நஷ்டத்தைத் தாங்க அங்கே பெரிய முதலீடு இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

என் யோசனை இதுதான். மூன்று மாதம் ஒரு பொது நோட்டில் எல்லாக் கடை ஆர்டர்களையும் எழுதுவோம். தெள்ளாருக்கு ஒரு நாள், தேசூருக்கு ஒரு நாள் என்று வைத்து, வாடகைக் குட்டியானையில் சேர்த்து அனுப்புவோம். கோரைப்பாய் ஏற்றிச் சென்னை போகும் வண்டி திரும்பும்போது, நம் மளிகையை ஏற்றிவரப் பேசுவோம். வாடகை வண்டி தினமும் நிறைந்து, சாமான் மிஞ்சும் நாள் வரட்டும். அன்று வேன் வாங்க முதல் பங்கு நான் தருகிறேன்.

போட்டி வந்துவிட்டதே என்று அவசரப்பட்டுக் கடனாளி ஆக வேண்டாம். ஒன்றுபட்டு லோடு சேர்ப்போம்; வண்டி தானாக வரும்.

- மொத்த வியாபாரி ஒருவர், வந்தவாசி