அறிவிக்கப்படாத கூட்டும் ஆடுவோர் மனக்குறையும்

ஓரை ஆடியும் கழங்கு ஆடியும் வட்டு உருட்டியும் மகிழ்ந்த மக்களைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. அவ்விளையாட்டுகளில் ஒன்றை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. கழங்குக் காய்கள் ஆடுபவளின் கையிலேயே இருந்தன. ஆட்டத்தை நிறுத்துவதும் தொடர்வதும் அவள் விருப்பம். எங்கோ ஓர் ஊரில் இருவர் செய்துகொண்ட உடன்படிக்கை முறிந்தது என்பதற்காக அவள் கையிலிருந்த காய்கள் மறைந்துவிடவில்லை. இன்று கைப்பேசியில் ஆடும் இளைஞனுக்கு அந்த உறுதி இல்லை. அவன் ஆடும் களம் அவனுடையதன்று. அவன் காசு கொடுத்து வாங்கிய வாளும் உடையும்கூட அவனுடையவை அல்ல.

இதனை எண்ணிப் பார்க்க நமக்கு வாய்ப்பளித்தது காளப்பநாயக்கன்பட்டியில் நடைபெற்ற நாட்டு நலப்பணித் திட்ட முகாம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோர் மலையடிவாரத்தை அடையுமுன் காணும் பேரூர் அது. அதனைக் கடந்து காரவள்ளியை அடைந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். வல்வில் ஓரி ஆண்ட மலையின் நிழலில் ஏழு நாள்கள் தங்கினோம். பகலில் கோயில் குளத்தையும் பள்ளி வளாகத்தையும் தூய்மை செய்த மாணவர்கள், மாலை ஆனதும் கைப்பேசிக் கோபுரத்தின் அலை கிடைக்கும் திண்ணையைத் தேடிச் சென்று அமர்ந்துகொள்வர். உள்ளூர் இளைஞரும் அவர்களுடன் சேர்ந்துகொள்வர். முதல் இரண்டு நாள்கள் கடிந்துகொண்டோம். மூன்றாம் நாள் நாமும் அருகில் போய் அமர்ந்தோம்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் மரவள்ளிக் கிழங்கு லாரியில் ஏற்றுக்கூலியாக உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை ஒரு விளையாட்டிற்குள் செலவிட்டவர். எந்த விளையாட்டு என்பது இங்குத் தேவையில்லை. அவர் சொன்னது இது: "ஐயா, வெளையாட்ட எடுத்துட்டாங்க, அதுகூடப் பரவாயில்லீங்க. ஏன் எடுத்தோம், திரும்ப வருமா, வராதான்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. அதான் மனசு கேக்கல."

இதில் மனக்குறை கொள்ள என்ன இருக்கிறது என்று பெரியோர் கேட்கக்கூடும். தொலைந்தது நன்றே, தொழுகையும் படிப்பும் தப்பின என்று கருதும் பெற்றோரை நாம் அறிவோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியவர்கள்தாம். ஆயினும் மாணவரின் சொல்லில் இழப்பைவிட அவமதிப்பே மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். ஒருவருடைய பணத்தையும் காலத்தையும் பெற்றுக்கொண்டவர், அவருக்கு ஒரு சொல் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லையா என்பதே அவர் எழுப்பும் வினா. விளையாட்டை ஒதுக்கிவிட்டாலும் அவ்வினா அப்படியே நிற்கும்.

நாடறிந்த செய்திகளையே எடுத்துக்கொள்வோம். 2017இல் தென்கொரிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட கணினி விளையாட்டு பப்ஜி. அதன் கைப்பேசி வடிவத்தை 2018இல் உருவாக்கி வெளியிட்டது சீனாவின் டென்சென்ட். விளையாட்டின் உரிமை ஒருவரிடம், அதனை ஆக்கி நடத்தும் பொறுப்பு இன்னொருவரிடம். நம் ஊர்த் திண்ணையில் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. இந்திய - சீன எல்லையில் பதற்றம் எழுந்த பின்னர், 2020 செப்டம்பர் 2ஆம் நாள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. அவற்றுள் பப்ஜி மொபைலும் ஒன்று. ஆறே நாள்களில், செப்டம்பர் 8ஆம் நாள், இந்தியாவில் டென்சென்டுக்கு வழங்கியிருந்த உரிமத்தைத் திரும்பப் பெறுவதாகக் கொரிய நிறுவனம் அறிவித்தது. கூட்டு ஒன்று இருந்தது என்பதைப் பலர் அறிந்துகொண்டதே அது முறிந்த அன்றுதான்!

ஏற்கெனவே கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தனர். அக்டோபர் 29ஆம் நாள் முகநூலில் ஓர் அறிவிப்பு வந்தது: நாளையோடு இந்தியாவில் சேவை முற்றிலும் நிறுத்தப்படும் என்று. ஒரு நாள் அவகாசம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கூட ஒரு மாதம் தருவார்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நம் கருத்துக்கு முதன்மையானது. நவம்பர் 6ஆம் நாள் மைக்ரோசாப்டின் அசூர் தளத்தில் தரவுகளைச் சேமிக்கும் கூட்டு அறிவிக்கப்பட்டது. நவம்பர் 12ஆம் நாள், இந்தியாவுக்கென்றே புதிய விளையாட்டு வரப்போவதாகவும், நாட்டில் 10 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாகவும், நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பணியமர்த்தப்போவதாகவும் அறிவிப்பு வெளியானது. முதலீட்டாளருக்கும் அரசுக்கும் கூட்டாளிகளுக்கும் சொல்ல வேண்டியவை அனைத்தும் சொல்லப்பட்டன. ஆடுபவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் சொல்லப்படவில்லை: எப்போது? விளையாட்டை வெளியிட அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்ற செய்தி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு மத்திய அமைச்சகம் அளித்த விடையிலிருந்தே வெளிப்பட்டது. நிறுவனத்தின் வாயிலிருந்து வர வேண்டிய சொல் அரசு அலுவலகத்தின் விடைத்தாளில் வந்தது. அடுத்த சொல்லுக்காக 2021 மே 6 வரை, ஏறத்தாழ ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற புதுப் பெயரில் ஜூலை 2ஆம் நாள் விளையாட்டு வெளிவந்தது.

வெளிவருவதற்கு முன்னரே, முன்னோட்டப் பதிப்பு ஆடுவோரின் தரவுகளில் சில பெய்ஜிங்கில் உள்ள வழங்கிகளுக்கும் செல்கின்றன என்று ஓர் இணைய இதழ் எழுதியது. அதன் பின்னரே கிராப்டன் நிறுவனம் விளக்கம் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் கொரியப் பங்குச் சந்தையில் நுழைந்தபோது, அதன் இரண்டாவது பெரிய பங்குதாரர் டென்சென்டைச் சார்ந்த நிறுவனமே என்பது பங்கு ஆவணங்களில் பதிவாகியிருந்தது. உரிமம் திரும்பப் பெறப்பட்டது உண்மை. உறவு நீடித்ததும் உண்மை. முதலாவது ஆடுவோருக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாவதைப் பங்கு வாங்குவோர் படிக்கும் ஏடுகளில் தேட வேண்டியிருந்தது. இது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பாதி உண்மையை ஒருவருக்கும் மீதி உண்மையை வேறொருவருக்கும் கொடுப்பது நேர்மையான அறிவிப்பு ஆகாது என்றே சொல்கிறோம்.

பத்துக் கோடிப் பேர் பதிவு செய்துவிட்டனர் என்று நிறுவனம் மகிழ்ந்து அறிவித்த அதே 2022 ஜூலையில், 28ஆம் நாள், விளையாட்டு கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து மறைந்தது. அரசின் ஆணை வந்தது என்று கூகுள் சொல்லிற்று. எவ்வாறு நீக்கப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டிருக்கிறோம் என்றது கிராப்டன். 2023 மே 19 அன்றுதான் மூன்று மாதச் சோதனை அனுமதி பற்றிய செய்தி வந்தது. 29ஆம் நாள் விளையாட்டு திரும்பியது. திரும்பியபோது பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், மற்றையோர் ஆறு மணி நேரம் என்று வரையறை இருந்தது. ஆறு மணி நேரம் என்பதை வரையறை என்று அழைக்கும் துணிவை என்னென்பது!

ஃப்ரீ ஃபயர் என்னும் மற்றொரு விளையாட்டின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. கரேனா என்ற சிங்கப்பூர் நிறுவனத்தின் அவ்விளையாட்டு 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட 54 செயலிகளுள் ஒன்று. தடைச் செய்தி 14ஆம் நாள் வெளியாவதற்கு முன்பே கடைகளிலிருந்து அது மறைந்துவிட்டது. இடைப்பட்ட நாள்களில் ஆடுவோர் தத்தம் கைப்பேசியையே பழித்துக்கொண்டிருந்தனர். 2023 ஆகஸ்டு 31ஆம் நாள், ஃப்ரீ ஃபயர் இந்தியா செப்டம்பர் 5இல் வருகிறது என்று பெருமுழக்கத்துடன் அறிவிக்கப்பட்டது. மகேந்திர சிங் தோனி விளம்பரத் தூதர். தரவுகளைக் காக்க யோட்டா என்ற இந்திய நிறுவனத்துடன் கூட்டு. வெளியீட்டுக்கு முதல் நாள், சில வாரங்கள் தள்ளிவைக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு. அந்தச் சில வாரங்கள் முடியாமலே 2024ஆம் ஆண்டு முழுவதும் கழிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் ஆடுவோர் அனைவரும் சோனியின் கணக்கு ஒன்றை இணைத்தே தீரவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கைத் திறக்கவே வழியில்லாத நாடுகளில் வாழ்ந்தோரும் அவ்விளையாட்டை விலைக்கு வாங்கியிருந்தனர். ஆடுவோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறைக் குறிப்புகளை எழுதிக் குவித்தனர். மூன்றே நாள்களில் சோனி பின்வாங்கியது. விளையாட்டை ஆக்கிய சுவீடன் நிறுவனத்தின் தலைவர், இந்த நிபந்தனை தமக்கு வெளியீட்டிற்கு ஆறு மாதம் முன்பே தெரியும் என்றும், போதிய அளவு எடுத்துச் சொல்லாதது தம் பிழை என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய கூட்டாளிக்கும் சின்னஞ்சிறு வாடிக்கையாளனுக்கும் நடுவே நின்றவர், கூட்டாளியின் முகம் பார்த்து வாளாவிருந்தார். பின்னர் அதனை வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம்.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. 69ஏ பிரிவின் கீழ் வரும் தடைகளுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளுள் 16ஆம் விதி, வேண்டுகோள்களையும் நடவடிக்கைகளையும் இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. காரணத்தைச் சொல்ல முடியாத நிலை உண்மையிலேயே உண்டு. அனுமதி வருமா என்பது நிறுவனத்தின் கையிலும் இல்லை. ஆயினும், சொல்ல இயலவில்லை என்பதைச் சொல்ல எந்த விதி தடுக்கிறது? இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, உங்கள் பணத்தின் நிலை இது, உங்கள் தரவுகள் இவரிடம் உள்ளன என்று மாதம் ஒரு முறை நான்கு வரி எழுதலாம். அதற்குப் பத்துக் கோடி டாலர் வேண்டுவதில்லை.

நம் இலக்கிய மரபில் கூட்டு மறைக்கப்படவில்லை. கம்பரைப் புரந்தவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்பர் என்பதை அந்தக் காப்பியத்துக்குள்ளேயே காண்கிறோம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயர் அப்பணியை ஏற்றார் என்பது வரலாறு. அபுல் காசிமைப் புலவர் நூலின் பல இடங்களில் போற்றுகிறார். யாருடைய பொருளால் இந்நூல் நடக்கிறது என்பதைப் படிப்போன் நூலிலேயே அறிந்துகொள்கிறான். இன்றைய விளையாட்டுகளில் அந்தச் செய்தி எவரும் படிக்காத நிபந்தனைப் பட்டியலின் அடியில் கிடக்கிறது.

மார்க்கத்தின் வழியில் நோக்கினும் இதே முடிவுக்கே வருகிறோம். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடு தொடங்குகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. நீருக்குள் இருக்கும் மீனை விற்பது போன்ற தெளிவற்ற வணிகத்தைக் 'கரர்' என்று சட்ட அறிஞர்கள் விலக்கினர். திறந்து பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கும் இவ்விளையாட்டுகளை அவர்கள் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை தேவையில்லை. பிறர் நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்கிறோம். இளைஞன் ஒப்படைத்தது பணம் மட்டுமன்று, ஓர் ஆண்டின் மாலைப்பொழுதுகளும்தாம். அவற்றை அவன் வேறு வகையில் செலவிட்டிருக்கலாம் என்பது நம் வீட்டுக்குள் அவனோடு பேச வேண்டிய பேச்சு. அதனை வாங்கிக்கொண்டவர் சொல்லும் சாக்காக அது அமையக்கூடாது.

காளப்பநாயக்கன்பட்டிப் பகுதி உழவர்களுக்கு இவ்வகை மௌனம் புதிதன்று. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தின் பாயின்ட் கணக்கில் விலை. கிழங்கை விளைவித்தவர் ஒருவர்; பாயின்ட் பார்ப்பவர் வேறொருவர்; இடையில் வியாபாரி. விலை இறங்கும்போது காரணம் கேட்டால் மேலே கேளுங்கள் என்பதே விடை. முத்தரப்புக் கூட்டம் வேண்டும் என்று உழவர்கள் கேட்பது விலைக்காக மட்டுமன்று, மூவரும் ஒரே அறையில் இருந்து ஒரே செய்தியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவுமே. தந்தை கிழங்குக்காகக் கேட்பதை மகன் விளையாட்டுக்காகக் கேட்கிறான். முன்னதை நியாயம் என்று ஏற்கும் நாம் பின்னதைக் கேட்டு நகைக்கிறோம்.

நாமும் தப்பியவர்கள் அல்லர். வகுப்பு ஏன் மாற்றப்பட்டது, தேர்வு ஏன் தள்ளிப்போயிற்று என்பதற்கு அறிவிப்புப் பலகையில் காரணம் எழுதும் வழக்கம் நம்மிடம் எத்தனை முறை இருந்திருக்கிறது?

முகாமின் கடைசி நாள் அந்த மாணவர் வந்து, "அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதலாங்களா, ஐயா?" என்று கேட்டார். எழுதச் சொன்னோம். இரண்டு பக்கம் எழுதினார். சந்திப்பிழைகள் மலிந்திருந்தன, திருத்திக் கொடுத்தோம். எவ்வளவு செலவிட்டார், எந்நாளிலிருந்து ஆட முடியவில்லை, என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பவை முறையாக இருந்தன. வசைச்சொல் ஒன்றும் இல்லை. ஆங்கில ஆசிரியர் ஒருவரின் உதவியால் மொழிபெயர்த்து அனுப்பினார். அன்றிரவே மறுமொழி வந்தது: தொடர்பு கொண்டமைக்கு நன்றி, தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது என்று. இரண்டாம் பருவத் தேர்வு முடிந்துவிட்டது. வேறு கடிதம் எதுவும் வரவில்லை என்று போன வாரம் சொன்னார்.