கொன்றவளுக்கு இரங்கலாமோ?

கணவனைக் கொன்ற பெண்ணுக்காக வாசகரை இரங்கச் செய்யும் மர்மக் கதைகள் இன்று பெருகிவருகின்றன. இவை அறத்தைக் குலைக்கும் என்பார் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல், 1900 இல் அயோவாவில் நிகழ்ந்த கொலையொன்றைப் பற்றிப் பத்திரிகை நிருபராய்ச் செய்தி எழுதியவர். அதனையே கருவாக்கி 1917 இல் ஒரு சிறுகதை படைத்தார். அதிகாரிகள் வீடெங்குஞ் சான்று தேடுகின்றனர். அடுக்களையில் நின்ற இரு பெண்களோ, கழுத்து முறிந்த சிறு பறவையொன்றைத் தையற் பொருள்களிடையே காண்கின்றனர். தனிமையில் வாடியவளின் ஒரே துணையைக் கணவன் அழித்தமை அவர்க்குப் புலனாகின்றது, சான்றை மறைத்துவிடுகின்றனர். அக்காலத்து அயோவாவிற் பெண்கள் ஜூரராக அமர இயலாது. தமக்கு மறுக்கப்பட்ட அவ்விருக்கையில், அவர்கள் அடுக்களையில் அமர்ந்தனர் எனலாம்.

ஜப்பானிய நாவலாசிரியை நட்சுவோ கிரினோ 1997 இல் வெளியிட்ட 'அவுட்' மறுபுறத்தைக் காட்டுகின்றது. கணவனைக் கொன்றவளுக்கு உடன்தொழிலாளர் உதவுகின்றனர். பின்னர், சடலங்களை அகற்றுவதே அவர்க்குக் கூலித் தொழிலாகின்றது.

இரக்கம் வேறு; உடன்பாடு வேறு. நல்ல நூலாசிரியர் கொலையைப் புகழார்; கொலைக்கு முன்னர் அடைபட்ட கதவுகளைக் காட்டுவார். பழிவாங்கலை வெறுங் களிப்பாக்குங் கதையோ அக்கதவுகளை மறக்கச் செய்யும்.

எனவே, இத்தகைய நூலைக் கற்பிக்கும் ஆசிரியர், 'கொன்றவர் யார்?' என்பதோடு நில்லாது, 'அவள் முறையிட எவ்விடம் இருந்தது?' என்றும் மாணவரை வினாவுக.