தட்டிப் பார்த்தீர்களா?

ஆபீஸில் ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அருப்புக்கோட்டையிலிருந்து அக்கா மகன் போன்.

"மாமா, கை ஒடிஞ்சு போச்சு!"

பதறிப்போய், "எந்தக் கைடா?" என்றேன்.

"முன்பக்கம் ரெண்டாவது."

"அடப்பாவி, உனக்கு எத்தனை கை?"

"ஆறு!"

அப்புறம்தான் விளங்கியது. ஒடிந்தது அவன் கை இல்லை, ட்ரோனுடைய கை. கடன் வாங்கி மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வைத்திருக்கிறான். திருச்சுழிப் பக்கம் பருத்தி, மக்காச்சோளத்துக்கு அடிக்கக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு கரிசல் காட்டுக்கு மேலே போகும்போது கார்பன் ஃபைபர் கை ஒன்று படக்கென்று மடங்கி, பத்து லிட்டர் மருந்தோடு மொத்தமும் கீழே. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் முன்புவரை நான்கு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். டீ வந்ததால் பிழைத்தார்கள்.

சனிக்கிழமை மதுரையில் பஸ் ஏறினேன். அக்கா வீட்டுத் திண்ணையில் ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு அப்பா. முப்பது வருஷம் நூற்பாலையில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவர்.

"என்னப்பா இது, கரியா?" என்றார்.

கரியேதான்! நம்மூரில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் மூட்டம் போடுகிறோம் இல்லையா... அதே சூட்சுமம். விறகுக்குப் பதிலாக, ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரமான ஓர் இழை. மண்ணுக்குப் பதிலாக நைட்ரஜன். சூடு, ஆயிரம் டிகிரிக்கு மேல். மிஞ்சும் கார்பன் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகச் சுற்றினால் எஃகுக்கே சவால் விடும் குழாய் ரெடி. 1879-ல் எடிசன் பல்புக்குள் வைத்து எரியவிட்டதும் கருக்கிய பருத்தி நூல்தான். நூலும் கரியும் கண்ட அருப்புக்கோட்டைக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை.

"அப்ப ஏன் ஒடிஞ்சுச்சு?" என்றார் அப்பா.

பயல் தயங்கித் தயங்கிச் சொன்னான். போன மாசம் இறங்கும்போது வரப்புக் கல்லில் ஓர் இடி. "ஒரு கீறல்கூட இல்ல தாத்தா. தொடச்சிட்டுப் பறக்க விட்டேன்."

இதுதான் சமாசாரம். பித்தளைச் செம்பு விழுந்தால் நசுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். கார்பன் ஃபைபர் அழுத்தக்காரன். மேலே பளபளவென்று இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும்.

அப்பா இடுப்பிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து மிச்சமிருந்த ஐந்து கைகளையும் தட்டிக்கொண்டே போனார். டிங்... டிங்... டிங்... நான்காவதில் 'டொக்'.

"இதுவும் போச்சு."

சிரிக்காதீர்கள். விமானப் பராமரிப்பிலும் இந்த நாணயச் சோதனை உண்டு. அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். ஆனால் பிசினுக்குள் மாட்டிக்கொண்ட பொடிப் பொத்தல்கள் காதுக்குச் சிக்காது. லேபில் ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இன்னொரு துண்டை இரண்டு முட்டுகளின் மேல் வைத்து நடுவில் அமுக்குகிறார்கள், அடுக்குகள் எப்போது வழுக்கிப் பிரிகின்றன என்று. 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் துண்டின் நீளம் 24, அகலம் 8. அவ்வளவுதான். பொத்தல் 1 சதவிகிதம் கூடினால் இந்தப் பலம் சுமார் 7 சதவிகிதம் குறையும்.

"ஒரு துண்டு பாஸானா போதுமா?" என்றான் பயல்.

"போதாது. நூலைக் கொஞ்சூண்டு இழுத்தா பலமாத்தான் தெரியும். நீட்டமா இழு... இளைச்ச இடம் எங்கயாச்சும் இருக்கும், அங்க அறும்" என்றார் அப்பா.

மில்லில் கற்ற பாடம். இதையே 1926-ல் பியர்ஸ் என்ற பருத்தி ஆராய்ச்சியாளர் மான்செஸ்டரில் கணக்காகப் போட்டு, 'பலவீனமான கண்ணி' என்று பெயர் வைத்தார். கார்பன் இழைக்கும் அதே கணக்குதான் இன்றைக்கு. ஆகவே பல இடத்தில் வெட்டிப் பல துண்டு பார்க்க வேண்டும்.

பார்த்ததைக் கேட்கவும் வேண்டும். டைட்டானிக்கைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கி ஞாபகம் இருக்கிறதா? அதன் உடல் கார்பன் ஃபைபர். 2022 ஜூலையில் ஒரு பயணத்தில் 'டமார்' என்று சத்தம் கேட்டது. அப்புறமும் இறக்கினார்கள். 2023 ஜூன் 18-ல் நொறுங்கி ஐந்து பேர் போனார்கள். செய்தபோது வெட்டி வைத்த மிச்சத் துண்டுகளை அமெரிக்க விசாரணை அதிகாரிகள் பிறகு ஆராய்ந்தபோது, உள்ளே மடிப்புகள், பொத்தல்கள். சாட்சி முதலிலிருந்தே துண்டு வடிவத்தில் காத்திருந்தது!

பயல் புதிதாக வாங்கிய ஆறு குழாய்களைக் கொண்டுவந்து வைத்தான். அப்பா சொன்னார்: "ஒன்ன அறு."

"தாத்தா, புதுசு! காசு..."

"மில்லுல தினம் நல்ல நூலைத்தான் அறுப்போம்."

பயல் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். இந்த மாதத் தவணை இன்னும் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவனே ரம்பம் எடுத்து வந்தான். ஜவுளிக்காரர்கள் இழை எண்ணும் பூதக்கண்ணாடியை வைத்து வெட்டுவாயைப் பார்த்தார் அப்பா. பேசாமல் என்னிடம் நீட்டினார். பூதக்கண்ணாடிக்கே தெரிகிற அளவுக்குப் பொத்தல்கள்.

ஆறையும் திருப்பி அனுப்பினான். வேறு குழாய் வந்து சேரப் பத்து நாள். அத்தனை நாள் வாடகையும் போச்சு என்று அக்கா என்னைத்தான் திட்டினாள்.

இப்போது ஒவ்வொரு தடவை பறக்கவிடும் முன்பும் ஆறு கைகளையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறானாம். பெண்களை வரப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்விட்ச்சைப் போடுகிறான். வரப்பிலிருந்து தினமும் ஒரு குரல் வருகிறதாம்:

"ஏந் தம்பி... தேங்கா முத்தலா, இளசா?"