படிவம் நிரப்பினால் போதுமா?

"கம்பனி தொடங்க முன்னிற்பவர் படிவம் நிரப்புபவர்தான், பொறுப்பெல்லாம் கம்பனிக்கே" என்ற வாதம் ஆபத்தானது. கல்பிட்டியின் எத்தாளையில் நண்டு ஏற்றுமதிக் கம்பனி ஒன்றைப் பதியுமுன்பே அதன் பெயரில் ஒருவர் குளிரூட்டி லொறி பேசி முடிக்கிறார் என்று வைப்போம். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனி பிறந்தபின் அந்த ஒப்பந்தத்தை ஏற்கலாம். ஏற்காவிட்டால்? கம்பனியே பிறக்காவிட்டால்? லொறிக்காரர் நட்டஈடு கேட்டு வருவது முன்னின்றவரின் வாசலுக்குத்தான்.

முன்னிற்பவருக்கு இரகசிய இலாபமும் ஆகாது. சொம்பிரேரோ என்ற பொஸ்பேற் தீவின் குத்தகையை 55,000 பவுணுக்கு வாங்கிய கூட்டம், இதை மறைத்து, அக்குத்தகையைத் தான் தொடங்கிய கம்பனிக்கே 1,10,000 பவுணுக்கு விற்றது. 1878இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவ்விற்பனையைச் செல்லாதாக்கியது. வெறும் எழுதுவினைஞருக்கா இந்தத் தீர்ப்பு?

கல்பிட்டிக் கரையில் தொழில் தொடங்கும் தம்பிமாரே, பதிவுச் சான்றிதழ் கைக்கு வருமுன் கம்பனிப் பெயரில் கையெழுத்து வைக்காதீர்கள்.