அளவுக்குக் குறைந்த நண்டு



கடல் வேட்டையும் கடல் உணவும் நமக்கும் பயணிகளுக்கும் ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. அதில் பயணக் கூட்டத்தாரைக் குறிக்க வந்துள்ள அரபுச் சொல் 'ஸய்யாரா'. இன்றைய அரபு மொழியில் அதே சொல்லுக்குக் கார் என்று பொருள். வண்டியில் கடலோரமாகச் சென்று, நிறுத்தும் இடத்தில் மீன் பிடித்துச் சமைத்து உண்ணும் குடும்பத்தார் இந்த வசனத்தை ஓதும்போது தமக்கே சொல்லப்பட்டதைப் போல உணர்வார்கள். சென்ற கோடையில் நாங்கள் அவ்வாறே உணர்ந்தோம்.

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை யாவும் அமைந்த ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 101ஆம் எண் நெடுஞ்சாலை வழியே ஏழு நாட்கள் பயணம் செய்தோம். வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கி, தெற்கே கலிபோர்னியா எல்லை வரை ஏறத்தாழ 580 கிலோமீட்டர் பசிபிக் பெருங்கடலை ஒட்டியே அச்சாலை செல்கிறது. கேனன் பீச் கரையில் 72 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒற்றைப் பாறை, மலைமுனைகளைச் சூழும் மூடுபனி, ஃபிளாரன்ஸ் அருகே மணற்குன்றுகள், முன்பு படகில் கடந்த கழிமுகங்களின் மேல் 1936இல் கட்டி முடிக்கப்பட்ட அழகிய பாலங்கள் எனப் படைத்தவனை நினைவூட்டும் காட்சிகளுக்குக் குறைவில்லை.

நம் குடும்பங்களுக்கு இத்தகைய பயணம் மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. சமையலறை உடன் வருவதால் ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒளூச் செய்ய நீரும், முஸல்லா விரிக்க இடமும் எப்போதும் உண்டு. கோடையில் அங்கே கதிரவன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. பயணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையின் அருமை அப்போதுதான் புரிகிறது. நான் ஷாஃபி, என் மனைவி ஹனஃபி. நண்டு எனக்கு ஆகும், அவர் உண்பதில்லை. ஆகவே நண்டு ஒரு பாத்திரத்திலும், கரையில் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் வேறொரு பாத்திரத்திலும் வெந்தன. இரண்டு மத்ஹபுகளும் ஒரே அடுப்பில் ஒற்றுமையாக இருந்தன.

நான் எழுத வந்த செய்தி அந்த அடுப்பைப் பற்றியதன்று. அதற்கு வந்து சேர்ந்த ஒரு நண்டைப் பற்றியது.

ஒரேகான் கடலோர ஊர்களில் டஞ்சனஸ் நண்டு பிடிப்பது குடும்பப் பொழுதுபோக்கு. வளைய வலையின் நடுவே கோழிக்காலைக் கட்டி, நீருக்குள் நீளும் மரமேடையிலிருந்து இறக்கிவிட்டு, கால்மணி நேரம் பொறுத்து விரைவாக இழுக்க வேண்டும். 12 வயது நிறைந்த எவருக்கும் உரிமச் சீட்டு வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 12 நண்டுகள் எடுக்கலாம். அவை ஆண் நண்டுகளாகவும், ஓட்டின் அகலம் குறைந்தது ஐந்தே முக்கால் அங்குலமாகவும் இருக்க வேண்டும். பெண் நண்டையும் சிறிய நண்டையும் உயிருடன் நீரில் விட்டுவிட வேண்டும். பெண் நண்டு இனத்தைப் பெருக்கட்டும், ஆண் நண்டும் ஒருமுறையாவது இணைசேர்ந்த பின்னரே பிடிபடட்டும் என்பதே இதன் நோக்கம்.

நியூபோர்ட் நகரின் யாக்வினா விரிகுடாவில் நான்கு மணி நேரம் வலை இழுத்தோம். ஏறியவை எல்லாம் பெண் நண்டுகளே. இருட்டும் வேளையில் ஓர் ஆண் நண்டு ஏறியது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் குறைந்தது. மேடையில் வேறு யாரும் இல்லை. பதின்மூன்று வயது மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நூல்தானே" என்று சொல்லி நண்டை வாளியில் போட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அன்றிரவு அதை உண்டோம்.

இரண்டு நாள் கழித்து, தெற்கே வின்செஸ்டர் விரிகுடாவில் மகன் தனியாக வலை இழுத்தான். வாளியைக் கொண்டுவந்து காட்டினான். மேலே இரண்டு பெரிய நண்டுகள் இருந்தன. அவற்றை எடுத்தபோது அடியில் மூன்று சிறியவை நெளிந்தன. "இது ஏன் தம்பி?" என்று கேட்டேன். "ஒரு நூல்தான் வாப்பா" என்றான். அவனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை. இருவரும் சென்று அந்த மூன்றையும் நீரில் விட்டோம். நியூபோர்ட்டில் உண்ட நண்டை எங்கே விடுவது?

இதற்கு நம்மில் சிலர் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். கடல் உணவை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்க, இடையில் அரசாங்கம் போடும் அளவு நம்மை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பார்கள். நண்டு ஹலால் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பிடிக்க நான் உரிமச் சீட்டு வாங்கியபோதே அதன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டேன். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவுகிறது. அதே வசனம் வேட்டைக்குரிய வரம்பையும் பேசுகிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் வேட்டைப் பிராணியைக் கொண்டு, மறைவில் அல்லாஹ்வை அஞ்சுபவர் யார் என்று சோதிக்கப்படுவதை 94ஆம் வசனம் சொல்கிறது. அது இஹ்ராம் நிலையில் இருப்போரின் தரை வேட்டை குறித்து அருளப்பட்டது. ஆயினும் எட்டும் தூரத்தில் ஒரு பிராணியும், பார்க்க ஆளில்லாத ஓரிடமும் சேர்ந்தால் அது சோதனையே என்ற படிப்பினை நமக்கும் உரியது.

சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடுக்கப்பட்ட கடலோர ஊராரின் வரலாற்றை அல்அஃராஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தடை நாளில்தான் மீன்கள் அவர்கள் கண்ணெதிரே வந்தன. முதல் நாளே வலை விரித்து மறுநாள் அள்ளினார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். அந்தத் தந்திரத்தின் புதிய வடிவங்கள் ஆர்.வி. வண்டியிலும் உள்ளன. காலையில் பன்னிரண்டு பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மாலையில் வெறும் வாளியுடன் மீண்டும் மேடைக்குச் செல்வது ஒன்று. வலையைத் தொடாத குழந்தையின் பெயரில் பங்கு கணக்கிடுவது மற்றொன்று.

இது பிறருடைய உரிமையும் ஆகும். அலை நனைக்கும் கடற்கரையை 1913ஆம் ஆண்டின் சட்டம் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்தது. 1967ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு மேலுள்ள உலர்மணலிலும் மக்களின் உரிமையை உறுதிசெய்தது. தனியாருக்கு அடைக்கப்படாத அக்கரையில் நாமும் தொழுதோம், நம் பிள்ளைகளும் விளையாடினார்கள். பொதுவானதில் அளவை மீறி எடுப்பவன் பின்னால் வருபவனின் பங்கை எடுக்கிறான். வண்டியின் கழிவுத் தொட்டியை உரிய இடம் தேடிச் செல்லச் சோம்பி, இருட்டில் சாலையோரம் திறந்துவிடுவதும் இவ்வகையே. மக்கள் நடக்கும் வழியையும் அமரும் நிழலையும் அசுத்தம் செய்வோரை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

எனவே பயணம் புறப்படும் குடும்பத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆளுக்குரிய உரிமச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஊரில் அன்றைய விதியைக் கேட்டறியுங்கள். எதிர்பாராமல் ஏறிவரும் பேரலைகள் உயிரைப் பறிப்பவை. பாறை முனையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். அளவுகோலை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் 'குறைகிறது' என்று சொன்னால், பசியோடிருந்தாலும் நண்டை விட்டுவிடுங்கள். அன்றிரவு பருப்பும் சோறும் போதும்.

மேடையில் யாரும் இல்லை என்று அன்று நான் நினைத்தது இரண்டு வகையில் தவறு. என் இறைவன் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் நம் உணவையும் தூய்மையாக்கி, மறைவிலும் அவனை அஞ்சும் பிள்ளைகளை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.