தமிழ்ப் பள்ளி இருக்கிறது, நம் பிள்ளைகள் எங்கே?

டிஸ்கி: கோவில் கமிட்டி நண்பர்கள் சிலருக்கு இந்தப் பதிவு கசக்கும். இதில் முதல் குற்றவாளி நான்தான் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹார் பிள்ளையார் கோவிலில் சுண்டல் தொன்னையோடு நின்றுகொண்டிருந்தேன். மறுபடியும் அதே பஞ்சாயத்து. "தில்லியில தமிழே அழிஞ்சு போச்சு சார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துலயே தமிழ் இல்லையாம்." சொன்னவர் மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "உங்க பசங்க எந்தத் தமிழ்ப் பள்ளியில படிச்சாங்க சார்?" என்று கேட்டேன். தொன்னையைப் போட குப்பைத்தொட்டி தேடினார்.

நான் வங்கிக்காரன். டெபாசிட் போடாதவர் கவுன்ட்டரில் வந்து வட்டி எங்கே என்று சத்தம் போட்டால் என்ன செய்வோம்? தில்லித் தமிழ்ப் பள்ளி விஷயத்தில் நாம் முப்பது நாற்பது வருஷமாகச் செய்வது அதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கம் வெயிலுக்கு சிம்லா, குளிருக்கு தில்லி என்று இடம் மாறும். கூடவே ஃபைல் கட்டோடு குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு மலை ஏறி இறங்க வேண்டும். அவர்களில் நம்மூர்க்காரர்கள் நிறைய. பிள்ளைகள் படிப்பு பாழாகிறதே என்று அந்தக் குமாஸ்தாக்கள் 1923ல் தொடங்கியதுதான் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன். பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு இடங்களில் பள்ளிகள். கவனியுங்கள், தர்மத்துக்காக யாருக்கோ கட்டியதில்லை. தன் பிள்ளை படிக்க வேண்டும் என்று கட்டியது.

இந்தப் பள்ளிகள் அரசு உதவி பெறுபவை. தில்லியில் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு 95 விழுக்காடு அரசு மானியம், மீதி 5 நிர்வாகத்தின் பங்கு. சிபிஎஸ்இ பாடத்திட்டம், ஆங்கில வழி, கூடவே தமிழ் ஒரு பாடம். கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சான் வார இறுதியில் இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்புக்காக முக்கால் மணி நேரம் கார் ஓட்டுகிறான், ஃபீஸும் கட்டுகிறான். அங்கே கலிபோர்னியா தமிழ்க் கழகத்தை 1998ல் பெற்றோரே ஆரம்பித்து வளர்த்தார்கள். நமக்கு இங்கே வாரம் முழுக்கத் தமிழ், அதுவும் சர்க்கார் செலவில். வேண்டாம் என்கிறோம்!

ஏன் வேண்டாம்? "ஸ்டாண்டர்டு இல்லை" என்பார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் பேச விட்டால் நிஜம் வெளியே வரும்: "அங்க யார் பசங்க படிக்கிறாங்க தெரியுமா?"

தெரியும். நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், கார் துடைப்பவர், இஸ்திரி போடுபவர் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். குமாஸ்தா பேரன்கள் விட்டுப்போன பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் தமிழ் வகுப்பில் வருகைப் பதிவேட்டுக்கு ஆள் ஏது? ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப்பை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1ம் தேதி இடித்தார்களே, பாராபுல்லா வாய்க்காலை அடைக்கிறது என்று. சுமார் 370 வீடுகள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு, அதுவும் தில்லியின் வடகோடியில் நரேலாவில். தலைக்கு மேல் கூரை போகும்போதும் அந்தத் தாய்மார்கள் கவலைப்பட்டது, பிள்ளைக்கு இனி தமிழ்ப் பள்ளிக்கூடம் எப்படி என்றும்தான். நம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது மாவடு யாரிடம் கிடைக்கும் என்ற விவாதம். (நானும் அரை கிலோ வாங்கினேன்.)

இனி என் கதை. திருச்சியிலிருந்து 2013ல் மாற்றலாகி வந்தேன். அடுத்த வருஷம் மகளுக்கு நர்சரி. அந்த வருஷம் வீட்டுக்கு அருகில் இருந்தால் 70 புள்ளி என்று விதி. வாடகை ஒப்பந்தத்தை நகல் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு தனியார் பள்ளிகளில் வரிசையில் நின்றேன். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. "ஏழுமே யமுனைக்கு அந்தப் பக்கம், குழந்தை எப்படிப் போகும்" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். 2018ன் கடைசி நாளில் பிங்க் லைன் மெட்ரோ மயூர் விஹாருக்கு வந்தது. லாஜ்பத் நகரில் மாறினால் லோதி எஸ்டேட் பக்கம்தான். சாக்கு போயிற்று, மனசு மாறவில்லை.

பலன் என்ன தெரியுமா? என் அம்மாவுக்கு வாட்ஸப்பில் தட்டெழுதத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவாள். மகள் பத்தாவது, பிரெஞ்சில் தொண்ணூற்றைந்து. பாட்டி எழுதியதைப் பார்த்துவிட்டு, "அப்பா, வாட் இஸ் திஸ்?" அப்போது சமையலறையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்த திரிலோக்புரிப் பெண், தமிழ்ப் பள்ளியில் எட்டாவது, எட்டிப் பார்த்துப் படித்தாள். "முழங்கால் வலி தேவலை. தீபாவளிக்கு வரியா கண்ணு?" என் அம்மா தன் பேத்திக்கு எழுதியதை அந்தப் பெண்தான் என் மகளுக்கு வாசித்துக் காட்டினாள்.

குறையே இல்லாத பள்ளி என்று நான் சான்றிதழ் தரவில்லை. ஆனால் எந்தப் பள்ளியிலும் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் வெளியேறினால் கேள்வியும் வெளியேறும். ஆடிட் இல்லாத கிளை மாதிரி. மலையாளிகளைப் பாருங்கள். கேரளா எஜுகேஷன் சொசைட்டியின் பள்ளி இதே மயூர் விஹார் மூன்றாம் பேஸில் இருக்கிறது. நமக்கும் இங்கே எட்டாவது பள்ளி என்ற பேச்சு பல காலமாக உண்டு. பேச்சு வரும்போதெல்லாம் நிதி, நிலம், எந்த ஆட்சி என்ன கொடுத்தது என்று கட்டிப் புரள்கிறோம். கட்டிடம் எழும்பிய பிறகு முதல் நாள் பிரேயரில் யார் வீட்டுப் பிள்ளை நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தத் தொன்னைக்காரரின் பேரன் நிற்பானா?

என் பையன் இப்போது ஐந்தாவது. ஆறாவதுக்கு லோதி எஸ்டேட்டில் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தேன். தங்கமணி ஒரே கேள்வியில் மடக்கினார்: "அவனுக்கு அ, ஆவே தடுமாறுது. ஆறாங்கிளாஸ் தமிழ் எப்படிப் படிப்பான்?" நியாயமான கேள்விதான். அதனால் அந்த திரிலோக்புரிப் பெண்ணிடம் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் டியூஷன் வைத்திருக்கிறேன். மாதச் சம்பளம் அவள் கணக்கிலேயே நேரடியாகப் போகிறது. கணக்கு திறந்து கொடுத்ததும் அடியேன்தான். ங வரிசை முடிந்து ச வரிசை நடக்கிறது. தமிழ் வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு, நோட்டில் சிவப்பு மை அதிகம்.

தங்கமணி இன்னும் சம்மதிக்கவில்லை. மார்ச் வரை நேரம் இருக்கிறது.